உறுதியான எஃகு குறைவாக வளையுமா?

‘அதிக உறுதியுள்ள எஃகுக்கு மாறினால், அதே தடிமன் கம்பி குறைவாக வளையும்’ என்று ஒரு தகவல் பரவுகிறது. இது தவறு.

சாதாரண எஃகு சுமார் 250 மெகாபாஸ்கல் தகைவில் (ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை) நிரந்தரமாக நெளியத் தொடங்கும். உறுதி கூட்டிய வகைகள் 500-க்கு மேலும் தாங்கும். ஆனால் விறைப்பை, அதாவது வளைய மறுக்கும் தன்மையைக் காட்டும் யங் குணகம் இரண்டுக்கும் ஏறத்தாழ 200 ஜிகாபாஸ்கல்தான். ஆகவே, நெளியாத வரை, ஒரே சுமைக்கு இரண்டும் ஒரே அளவுதான் வளையும். விறைப்பு அணுப் பிணைப்பிலிருந்து வருகிறது. கார்பன் சேர்ப்பதோ சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பதோ அதைப் பெரிதாக மாற்றாது. படிகத்தில் அணு அடுக்குகள் வழுக்குவதைத்தான் அவை தடுக்கின்றன.

உறுதியை நம்பி உத்திரத்தை மெலிதாக்குவதில்தான் உண்மையான ஆபத்து. செவ்வக உத்திரத்தின் உயரத்தைப் பாதியாக்கினால், அதே சுமைக்கு வளைவு 8 மடங்காகிவிடும்!