மீன்பிடி உரிமை போனது 1976-இல்

'1974-இல் கச்சத்தீவோடு மீன்பிடி உரிமையும் போய்விட்டது' என்று கச்சத்தீவு பற்றிய கட்டுரை ஒன்றில் அதை எழுதியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அது சரியில்லை. இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டு, தீவை இலங்கையின் பக்கம் விட்ட அந்த 1974 ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம், விசா வேண்டாம் என்கிறது. இரு நாட்டுப் படகுகளுக்கும் மரபாக இருந்துவந்த உரிமை தொடரும் என்பது 6-ஆவது பிரிவு. கதவை இழுத்துச் சாத்தியது 1976 மார்ச்சில் வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்கள்தான். அப்போது நெருக்கடி நிலை. இங்கே தமிழ்நாட்டில் ஆட்சியையும் ஜனவரி கடைசியிலேயே கலைத்துவிட்டார்கள்; சட்டமன்றத்தில் எழுந்து கேட்க ஆளில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். ராயபுரத்தில் எங்கள் தெருவில் ராமேஸ்வரத்துக்காரர்கள் உண்டு. கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போக முன்கூட்டியே பெயர் கொடுத்து, அடையாள அட்டையோடு வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் படகேறுகிறார்கள். விசா இல்லை என்ற அந்த ஒரு சலுகை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அப்புறம், நாடாளுமன்றத்தைக் கேட்காமல் எப்படிக் கொடுத்தார்கள் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. மேற்கு வங்கத்தின் பெருபாரி பகுதியில் ஒரு பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில், நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் தேவை என்று உச்ச நீதிமன்றம் 1960-லேயே சொல்லிவிட்டது. 2015-இல் வங்கதேசத்தோடு நிலப்பகுதிகளை மாற்றிக்கொள்ள 100-ஆவது திருத்தமே வந்தது. கச்சத்தீவுக்கு மட்டும், 'இது தகராறில் இருந்த எல்லை, விட்டுக்கொடுத்தது அல்ல' என்று மத்திய அரசு வாதிட்டது. ராமநாதபுரம் ஜமீன் உரிமை கொண்டாடி, குத்தகைக்கு விட்டுவந்த தீவு அது. அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.