சூமில் தவில் அடிக்க முடியுமா?

"கொரோனாக் காலத்தில் மேளக்காரருக்கு நட்டமே இல்லை. வீட்டில் இருந்தபடி சூம் (Zoom) காணொளிச் செயலியில் உழைத்தார்கள்" என்று மட்டக்களப்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மை அதுவல்ல.

வாய்ப்பாட்டு, வயலின் ஆசிரியர்கள் சிலர் இணையத்தில் வகுப்பு எடுத்தது சரிதான். ஆனால் நாதஸ்வரம், தவில் கலைஞர்களில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கலியாணம், திருவிழா என்று வாசிக்கப் போகும் ஒவ்வொரு சேவகத்துக்கும்தான் கூலி. 2020 மார்ச் 20இல் நாடு முழுக்க ஊரடங்கு வந்ததும் கலியாணங்கள் தள்ளிப்போயின. மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் போன்ற திருவிழாக்களை நம்பித்தான் இவர்களின் வருடமே ஓடும். அரசு கொடுத்த 5,000 ரூபாய்க் கொடுப்பனவு எத்தனை நாளைக்குக் காணும்?

அப்புறம் அந்தச் சூம் கதை. நாதஸ்வரம் ஓரிடத்தில், தவில் இன்னோரிடத்தில் என்றால், ஒலி வந்து சேர ஒரு நொடியில் சிறு பங்கு பிந்தினாலே தாளம் குலைந்துவிடும். முழங்கும் தவில் ஒலியை, கைபேசி வெறும் இரைச்சல் என்று எண்ணி அமுக்கியும் விடும். கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் சிக்கல்தான்: முகக்கவசத்தோடு, நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை எப்படி வாயில் வைப்பது?