நகத்தளவு கார்டுக்கு இந்த விலையா?

தம்பியின் பழைய பிஎஸ் வீட்டாவுக்கு, அதாவது சோனி கம்பெனியின் கையடக்க கேம் கருவிக்கு, மெமரி கார்டு தேடி கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் மூன்று செல்போன் கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் மைக்ரோ எஸ்டி கார்டை நீட்டி, "இதைப் போடுங்க சார், எல்லாத்துக்கும் சேரும்" என்றார். சேராது அண்ணா! சோனி தன் கருவிக்கென்றே தனி வடிவத்தில் செய்த கார்டுதான் இதற்கு வேண்டும். கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். வேறெதுவும் அந்தத் துளைக்குள் நுழையாது.

2012இல் அமெரிக்காவில் 32 ஜிபி கார்டு 100 டாலர். கருவியே 250 டாலர்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முதல் மாடலில் டவுன்லோட் செய்த கேமை வைக்க உள்ளே இடமும் கிடையாது. வாங்காமல் தப்பிக்க வழியே விடவில்லை, கெட்டிக்காரர்கள். 2019இல் கருவியையே நிறுத்தியும்விட்டார்கள்.

அப்புறம் என்ன, பஸ் ஏறி பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு. யாரோ பயன்படுத்திய 8 ஜிபி ஒன்று கிடைத்தது. அந்தக் காசுக்கு 128 ஜிபி சாதாரணக் கார்டே வந்திருக்கும். இரண்டு பெரிய கேமுக்கே நிறைந்துபோய், தம்பி இப்போது ஒன்றை அழித்து இன்னொன்றை ஏற்றிக்கொண்டிருக்கிறான்.