அது ஹார்ன்பி இல்லை

முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடையின் கண்ணாடி அலமாரிப் படத்தை நேற்றே எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தகரத்தில் ஒரு பொம்மை ரயில் பெட்டி, முன்னால் ஒரு அட்டை: ‘இங்கிலாந்து ஹார்ன்பி, 1910’. இது ஹார்ன்பி இல்லை என்று ஒரே ஒரு வரிதான் எழுதினேன். “பொம்மைக்கெல்லாமா அண்ணே சண்டை?” என்று பதில். அதற்கு எத்தனை சிரிப்பு! சிரிங்க.

ஹார்ன்பி என்ற இங்கிலாந்துப் பொம்மை ரயில் விற்பனைக்கு வந்ததே 1920இல். பெட்டியைக் கவிழ்த்து எடுத்த இரண்டாவது படத்தில் ஜி.சி. என்று தொடங்கும் முத்திரை பளிச்சென்று தெரிகிறது. ஜார்ஜ் கரேட். பிரெஞ்சுக்காரர். 1886இல் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் பொம்மைத் தொழில் தொடங்கியவர். அதே ஊரில் பிங் என்ற மலை மாதிரிப் பொம்மைக் கம்பெனி இருக்க, பக்கத்திலேயே நின்று பேர் வாங்கினார்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. இன்ஜின் எப்போதோ பேரீச்சம்பழமாகிவிட்டது. மிஞ்சிய திறந்த பெட்டியில் அப்பத்தா கொட்டைப்பாக்கு போட்டு வைத்திருந்தார். தகட்டில் முதலில் அச்சடித்து, அப்புறம் வெட்டி, ஓரத்து நாக்குகளைத் துளையில் விட்டு மடித்திருப்பார்கள். பாக்கு எடுக்கப் போய் அந்த நாக்கில் விரலைக் கிழித்துக்கொண்டவன் நான். எனக்குத் தெரியாதா?

‘இங்கிலாந்தில் விற்றதுதானே’ என்பீர்கள். ஆமாம், அங்கே நார்தாம்டனில் பொம்மை ரயில் விற்ற பாசெட்-லோக் கம்பெனிக்காக அந்த நாட்டு ரயில்களின் வண்ணத்திலேயே செய்து அனுப்பினார். அதனால் அது இங்கிலாந்துப் பண்டமா? ஆத்தங்குடிக் கல்லை இத்தாலி டைல்ஸ் என்று எவனாவது அட்டை வைத்தால் விடுவீர்களா? கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஸ்டேட்டஸ் போட்டவர்கள்தானே நேற்றுச் சிரித்தவர்கள்!

‘பழைய சாமான் விற்கிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்’ என்று ஒருவர். விலை மட்டும் எப்படித் தெரிந்ததாம்?

1914இல் முதல் உலகப் போர் வந்தது. கரேட் இருந்த ஊருக்கே எதிரி நாட்டுக்காரர் ஆனார். கிளம்ப வேண்டியதாயிற்று; 1917இல் கம்பெனியையே மூடிவிட்டார்கள். கட்டிய தொழிலை அப்படியே போட்டுவிட்டு வருவது என்றால் என்னவென்று நம்மூருக்கா சொல்ல வேண்டும்? அடுத்த உலகப் போரில், 1942இல், ஐயாவும் பர்மாவிலிருந்து அப்படித்தான் வந்தார். ரங்கூன் கடையின் பெயரைக் கடைசிவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. கேட்டால் எழுந்து முகப்புக்குப் போய்விடுவார்.

பொம்மைதானாம்.

அட்டைக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் காசு நானே தருகிறேன். முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம்தான் தினமும் போகிறேன். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியும் கொடுத்துவிடுகிறேன்.