காதை நம்பத்தான் வந்தேன்

மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையொன்றில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிட்டுக் கேட்கப் போன நான், மூல ஒலியை அவை எத்தனை சதவீதம் சிதைக்கின்றன என்று விசாரித்தபோது, "எண்ணை விடுங்க சார், காதை நம்புங்க" என்றார் விற்பனையாளர். நம்பத் தயார்தான், ஆனால் விலை கூடிய பெட்டிக்கு மாற்றும்போதெல்லாம் ஒலியளவையும் அவர் சற்றே ஏற்றிவிட்டார். ஒலியளவு ஒரு டெசிபல் கூடினாலே அது சத்தமாகத் தோன்றாமல் தெளிவாகத் தோன்றிவிடும் என்பதால்தான், முறையாக ஒப்பிடுகிறவர்கள் இரண்டையும் 0.1 டெசிபலுக்குள் சமன்செய்து, எது ஒலிக்கிறது என்பதையும் மறைத்துவிட்டுக் கேட்கிறார்கள். அளவீடே போதும் என்று நான் வாதிடவில்லை. எதிரொலியற்ற அறையில் அளந்த ஸ்பீக்கர், மொசைக் தரையும் வெறுஞ்சுவருமான என் வில்லாபுரம் வீட்டில் வேறு விதமாகத்தான் ஒலிக்கும். எனக்கு ஆற்றாமையெல்லாம், இரண்டையும் ஒரே அளவில் வையுங்கள் என்று மூன்று முறை கேட்டும், நாகஸ்வரத்தில் "உயிர் வந்துவிட்டது பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே அவர் அந்த ஒலியளவுத் திருகிலிருந்து கையை எடுக்காததுதான்.