சிற்றோவியம் சஃபவிகளோடு முடிந்துவிடவில்லை

"பாரசீகச் சிற்றோவியம் (ஏடுகளில் வரையப்பட்ட நுணுக்கமான சிறு ஓவியம்), 16 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை ஈரானை ஆண்ட சஃபவி அரசோடு செத்துப்போன கலை. இன்று இஸ்பஹான் கடைகளில் விற்கும் நினைவுப்பொருள் மட்டும்தான் மிச்சம், இப்போதைய ஈரானிய ஓவியர்கள் மேற்கைத்தான் பார்க்கிறார்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். கடைச் சரக்கு நிறைய உண்டு, சரி. மற்றது தவறு.

20-ஆம் நூற்றாண்டில் ஹொசைன் பெஹ்சாத் இந்த மரபுக்குப் புத்துயிர் கொடுத்தார். அப்புறம் மஹ்மூத் ஃபர்ஷ்சியான் (1930–2025) சுழன்றோடும் கோடுகளால் தனிப் பாணியே உருவாக்கினார்.

இவர்களை மரபுவாதிகள் என்று ஒதுக்கினாலும், ஃபரா ஒஸூலியை என்ன செய்வது? லியோனார்டோ போன்ற மேற்கத்திய மேதைகளின் புகழ்பெற்ற காட்சிகளை எடுத்து, குவாஷ் என்ற அடர்ந்த நீர்வண்ணத்தில், சிற்றோவிய இலக்கணத்தில் மறுபடி வரைகிறார். நுணுக்கமான அலங்காரத்துக்கு நடுவே வன்முறை தெரியும். மேற்கைப் பார்க்கிறார்தான், ஆனால் சிற்றோவியத்தின் கண்ணால். தெஹ்ரானில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஷிவா அஹ்மதியின் நீர்வண்ணப் படங்களில் அரியணையும் அரசவையும் பழைய ஏட்டிலிருந்து வந்தவை போலிருக்கும். உற்றுப் பார்த்தால் முகமில்லாத மனிதர்கள், வெடிகுண்டுகள், சிதறும் ரத்தம். அந்த உலகத்தை 2014-இல் 'லோட்டஸ்' என்ற அசைபடமாகவும் ஆக்கினார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 1960-களில் ஈரானிய நவீன ஓவியர்கள் நடத்திய சக்காகானே இயக்கம் சிற்றோவியத்தைவிட எழுத்தணியிலிருந்தும் நாட்டார் சமயக் கலையிலிருந்தும்தான் அதிகம் எடுத்தது. ஆனால் அதை வைத்து மொத்த ஈரானையும் அளக்க முடியாது. 1994-இல் ஈரான், அமெரிக்க நவீன ஓவியர் டி கூனிங்கின் 'பெண் III' ஓவியத்தைக் கொடுத்து, சஃபவி மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காகச் சிற்றோவியங்களோடு உருவான ஷாநாமா காவிய ஏட்டில் மிஞ்சியிருந்த பகுதியைத் திரும்பப் பெற்றதையும் சேர்த்துப் பாருங்கள்.