அந்த 458 வெள்ளி 72 காசு

"சிஸ்டம் தப்பு காட்டுது."

போன செவ்வாய்க்கிழமை, பத்துப் பேர் இருந்த கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே இதைச் சொன்னார்கள். எங்கே தப்பு, எதனால் தப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. பழைய எக்செலில் ஒரு தொகை, நாங்கள் கட்டிய செலவுக் கணக்குச் சிஸ்டத்தின் திரையில் வேறு தொகை. வித்தியாசம் 458 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 72 காசு. அவ்வளவுதான், எட்டு மாதமாக நாங்கள் மூன்று பேர் ராப்பகலாகச் செய்த வேலை நம்ப முடியாதது என்று முடிவாகிவிட்டது. வயிறு எரிகிறது.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். தலைமையகச் செலவுகள் இருக்கின்றன இல்லையா, தஞ்சோங் பகார் ஆபீஸ் வாடகை, ஆடிட் கட்டணம், வக்கீல் செலவு, இயக்குநர்களின் பயணம், சாஃப்ட்வேர் சந்தா, இவை எல்லாவற்றையும் ஓர் இடத்தில் சேர்த்து, பிரௌசரைத் திறந்தால் மாதவாரியாகவும் துறைவாரியாகவும் பார்க்கும்படி ஒரு சிஸ்டம் கட்டச் சொன்னார்கள். அப்புறம் அந்தச் செலவை ஜோகூர், சென்னை, ஜகார்த்தா கிளைகளுக்குப் பங்கு பிரித்துக் காட்ட வேண்டும். கட்டினோம். பழைய மாதங்களின் கணக்கை ஏற்றி, எக்செலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் இந்த 458.72 கிளம்பியது.

மூன்று நாள் தேடினோம். வரி வரியாக. இரண்டு நாள் தெம்பனிஸுக்குக் கடைசி ரயிலில்தான் வீடு திரும்பினேன். மூன்றாம் நாள் மதியம் கணக்குப் பிரிவு அக்காவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்த எக்செலில் ஒவ்வொரு கட்டமாகச் சொடுக்கிப் பார்த்தேன். 2024 ஜனவரி ஷீட். ஆடிட் கட்டணம் வரியோடு 54,000 வெள்ளி. திரும்பக் கோரக்கூடிய வரியை 9 விழுக்காடு என்று கழிக்க, அதை 1.09ஆல் வகுத்து 49,541.28 என்று போட்டிருந்தது. இன்வாய்ஸை எடுக்கச் சொன்னேன். தேதி 2023 டிசம்பர். வேலை முடிந்ததும் டிசம்பரில்தான். காகிதம் கைக்கு வந்தது ஜனவரியில், அதனால் ஜனவரி ஷீட்டில் ஏறிவிட்டது. பொருள் சேவை வரி 2022 முடியும் வரை 7 விழுக்காடு, 2023 முழுக்க 8, 2024 ஜனவரி 1 முதல்தான் 9. ஆக இந்த இன்வாய்ஸுக்கு 8. செலவு 50,000 வெள்ளி. எங்கள் திரையில் இருந்தது அதே 50,000. கழித்துப் பாருங்கள், 458.72 வரும்.

"தம்பி, இந்த ஷீட் நான் வர்றதுக்கு முந்தியே இருந்துச்சு. வரி மாறும்போது அந்த ஒரு நம்பரை மாத்தச் சொன்னாங்க, மாத்துனேன்" என்றார் அக்கா. அவர் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. இயக்குநர் காருக்கும் கிளப் சந்தாவுக்கும் கட்டிய வரியைத் திரும்பக் கோர முடியாது, அது செலவிலேயே சேரும் என்று தெரிந்து, அந்தச் செலவுகளை மட்டும் ஒவ்வொரு மாதமும் கையால் திருத்துகிறவர் அவர். அந்த விதி எங்கேயும் எழுதப்படவில்லை. அவர் தலைக்குள் இருக்கிறது. தீபாவளிக்கு அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனால் அந்த விதியும் விமானம் ஏறிவிடும். பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சிங்கப்பூர் வரித்துறையான ஐராஸ் சொல்கிறது. நாளைக்கு வந்து, இந்தக் கட்டத்தை யார் திருத்தினார்கள், எப்போது, எதற்காக என்று கேட்டால் அந்த எக்செல் என்ன பதில் சொல்லும்?

சரி, கண்டுபிடித்தோமே, கூட்டத்தில் விளக்கினோமே, அதற்குக் கிடைத்த பதிலைக் கேளுங்கள். "இத்தனை வருஷமா இந்த எக்செலைத்தான் மேலிடத்துக்கு அனுப்பிட்டு இருக்கோம். ரெண்டும் ஒத்துப்போற மாதிரி சிஸ்டத்துல சரி பண்ணிடுங்க."

சரி பண்ணுவதா? சரியாக இருப்பதைத் தப்பாக்குவதற்குப் பெயர் சரி பண்ணுவதா?

பங்கு பிரிக்கிற கதை இதைவிட மோசம். வாடகையை ஆள் எண்ணிக்கைப்படி கிளைகளுக்குப் பிரிக்கச் சொன்னார்கள். ஆள் என்றால் யார்? ஒப்பந்த ஊழியர் சேர்த்தியா? மாதக் கடைசி நாள் எண்ணிக்கையா, மாதச் சராசரியா? மூன்று துறைகளைக் கேட்டேன், மூன்று பதில். எழுத்தில் கொடுங்கள் என்றால் அடுத்த வாரம் என்கிறார்கள். அந்த அடுத்த வாரம் மார்ச்சிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. நாங்களாக ஒன்றை எடுத்துப் போட்டால் ஜோகூரிலிருந்து போன் வருகிறது, எங்கள் பங்கு ஏன் ஏறியது என்று. 1,00,000 வெள்ளியை மூன்றாகப் பிரித்தால் தலைக்கு 33,333.33, கூட்டினால் 99,999.99. மிச்சம் ஒரு காசு யார் தலையில்? இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். அந்த ஒரு காசு இடித்தால் மாத முடிவில் கணக்கை மூட முடியாது என்று கத்துகிறவர்களும் அவர்களேதான்.

ஜகார்த்தா அனுப்பும் கோப்பில் 12.500 என்றால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ருப்பியா. அங்கே ஆயிரத்துக்குப் புள்ளி வைப்பார்கள். அதைப் பன்னிரண்டரை என்று படித்துவிடாமல் பார்ப்பது எங்கள் வேலை, செய்தோம். 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்பதும் எங்கள் வேலை, செய்தோம். இதற்கெல்லாம் எனக்கு அலுப்பே இல்லை.

ஆனால் சம்பள விஷயத்தில் மனசு ஆறவில்லை. தலைமையகச் செலவில் பெரும்பகுதி சம்பளம்தான். இரண்டே பேர் இருக்கிற துறைக்கு மொத்தச் சம்பளத்தைக் காட்டினால், அதில் ஒருவர் தன் சம்பளத்தைக் கழித்து மற்றவருடையதைத் தெரிந்துகொள்வார். அதனால் சின்னத் துறைகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும்படி செய்தோம். யார் எதைப் பார்க்கலாம் என்று ஆள் ஆளாக அனுமதி வகுக்கவே ஆறு வாரம் ஆனது. அப்புறம் ஒரு நாள், "எக்செலுக்கு இறக்குற பட்டன் வேணும், எல்லா வரிசையும் வரணும்" என்றார்கள். வேண்டாம் என்று மன்றாடினேன். மேலிடத்து உத்தரவு, போட்டோம். இரண்டாம் நாளே அந்தக் கோப்பு மின்னஞ்சலில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. முழுச் சம்பள விவரத்தோடு. அதில் இருந்தவை எங்கள் கூடவே மதியம் சாப்பிடுகிறவர்களின் சம்பளங்கள். அதற்கும் "சிஸ்டத்தில் பாதுகாப்பு இல்லை" என்றுதான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா ஈரச்சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கிறேன், வாட்ஸ்அப் வருகிறது: "458 மேட்டர் முடிஞ்சதா?" மகள் கையைப் பிடித்து இழுக்கிறாள். ஈரத் தரையில் நின்றபடியே ஒரு கையால் பதில் தட்டினேன். நான் மாற்ற மாட்டேன். வேண்டுமென்றால் அந்த எக்செலைத் திருத்துங்கள். இல்லை, தப்பான தொகைதான் வேண்டும் என்று பெயரும் தேதியும் போட்டுக் கையெழுத்திட்டுத் தாருங்கள். பதில் இன்னும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம். அந்த இன்வாய்ஸை அச்செடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். கட்டணம் 50,000, வரி 8 விழுக்காடு 4,000, மொத்தம் 54,000 வெள்ளி என்று அதிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.